மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தப் போகிறீர்களா, அல்லது ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா?

மாத்திரையை விட்டு மூன்று நாள் ஆகிறது, தலை கிறுகிறுக்கிறது, கண்ணைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் கரண்ட் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு வெட்டுகிறது, ராத்திரி முழுக்கக் கலங்கலான கனவுகள், காலையில் பிள்ளை பால் டம்ளரைத் தட்டிவிட்டதற்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு நிலையில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் பயப்பட வேண்டாம். தினமும் கிடைத்துக்கொண்டிருந்த மருந்து சட்டென்று நின்றுபோனதற்கு உடம்பும் மூளையும் காட்டுகிற எதிர்வினை இது. பெரும்பாலானவர்களுக்குச் சரிசெய்துவிடலாம். ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது, வலிப்பு வந்தது, ஆள் நினைவு தப்பிப் பேசுகிறார் என்றால் மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம், இப்போதே 108ஐக் கூப்பிடுங்கள். மனசு தாங்கவில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416. டெலி மானஸ் என்கிற அரசு உதவி எண் அது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக நிற்கிறேன். டாக்டர் இல்லை. உங்களுக்கு எத்தனை மில்லிகிராம் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறபோது ஒன்று தெரிகிறது: மாத்திரையை எப்படி ஆரம்பிப்பது என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள், எப்படி நிறுத்துவது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. அதனால் ஆட்கள் அவரவருக்குத் தோன்றியபடி நிறுத்துகிறார்கள். உபவாச ஜெபத்துக்குப் போய்விட்டு வந்து நிறுத்துகிறார்கள். வர்ம வைத்தியர் எண்ணெயும் கஷாயமும் கொடுத்து, இங்கிலீஷ் மருந்தை விட்டுவிடு என்றதும் நிறுத்துகிறார்கள். பெண்ணுக்குக் கல்யாண ஆலோசனை வந்திருக்கிறது, மாத்திரை அட்டையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அம்மாவே எடுத்துத் தூரப் போடுகிறார். உடம்பு பெருத்துவிட்டது, தாம்பத்தியத்தில் ஈடுபாடே இல்லை, டாக்டரிடம் சொல்லக் கூச்சம் என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நன்றாகிவிட்டது, இனி எதற்கு என்று நிறுத்துகிறவர்கள்தான் நிறைய.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நிறுத்த நினைப்பது தப்பே இல்லை. முதல் தடவை மனச்சோர்வு வந்து குணமானவர்கள், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர்ந்துவிட்டு, டாக்டரோடு பேசி நிறுத்துவது சாதாரணமாக நடப்பதுதான். இரண்டு மூன்று தடவை திரும்ப வந்தவர்களுக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்படலாம். பக்கவிளைவுதான் காரணம் என்றால் அதைக் கூசாமல் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், டாக்டர்கள் தினமும் கேட்கிற விஷயம் அது. ராத்திரியோடு ராத்திரியாக நிறுத்துவதுதான் வேண்டாம்.

அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் பாருங்கள்

கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் உண்மையான பெயரும் அதில் இருக்கும். அதுதான் முக்கியம், ஏனென்றால் எல்லா மருந்தும் ஒரே மாதிரி உடம்பை விட்டுப் போவதில்லை. வென்லாஃபாக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும், அதனால் ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தலைசுற்றல் வந்துவிடுகிறது. பராக்ஸெட்டினுக்கு ஒரு நாள் போல ஆகும், இதுவும் நிறுத்தும்போது அதிகம் படுத்துகிற மருந்து. எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் இரண்டும் நடுவில். ஃபுளுவாக்ஸெட்டின் நேர் எதிர், அதுவும் அதிலிருந்து உடம்பில் உண்டாகிற பொருளும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தங்கும். அதனால் தொந்தரவு குறைவு, ஆனால் வந்தால் தாமதமாக வரும், நிறுத்தி இரண்டு மூன்று வாரம் கழித்து வருவதை யாரும் மாத்திரையோடு சேர்த்து யோசிப்பதில்லை.

இன்னொரு விஷயம். அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெட்டின் இரண்டும் மனச்சோர்வுக்கான மருந்துகள்தான், ஆனால் நம்ம பக்கம் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் சுகர்காரர்களின் கால் எரிச்சலுக்கும் நிறைய எழுதுகிறார்கள். இது வலி மாத்திரைதானே, வலி போய்விட்டது, விட்டுவிடுவோம் என்று விடுகிறவர்களுக்கும் இங்கே சொல்வதெல்லாம் பொருந்தும்.

அப்புறம், தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். எஸ்சிட்டாலோபிராமும் குளோனசெபாமும் சேர்ந்து ஒரே மாத்திரையாக வருகிறது, மனநலத்துக்கான கூட்டு மருந்துகளில் அதிகமாக விற்பவற்றில் ஒன்று. குளோனசெபாம் வேறு வகை. பல மாதம் தினமும் போட்டுவிட்டு அதைப் பட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். வெறும் எஸ்சிட்டாலோபிராமை விடுவதைவிட இது ஆபத்து கூடியது. உங்கள் அட்டையில் இரண்டு பெயர் இருந்தால், அதில் ஒன்று குளோனசெபாம், அல்பிரசோலம், லோராசெபாம் என்று ஏதாவது இருந்தால், டாக்டரைப் பார்க்காமல் ஒரு வேளைகூட நீங்களாக விடாதீர்கள்.

என்னவெல்லாம் வரும், எவ்வளவு நாள் இருக்கும்

பொதுவாக நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆரம்பிக்கும். தலைசுற்றல், நடக்கும்போது தள்ளாட்டம், குமட்டல், காய்ச்சல் வரப்போகிற மாதிரி உடம்புவலி, வியர்வை, தூக்கம் கெடுவது, படபடப்பு, எரிந்து விழுவது. அந்தக் கரண்ட் அடிக்கிற உணர்வுதான் ரொம்பப் பேரைப் பயமுறுத்துகிறது, பக்கவாதம் வருகிறதோ என்று ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நொடி, இரண்டு நொடிதான் இருக்கும், கண்ணையோ தலையையோ அசைக்கும்போது வரும், அதனால் மூளைக்குச் சேதம் வருவதாக எந்தச் சான்றும் கிடையாது. ஆனால் முகம் கோணுவது, ஒரு பக்கம் கைகால் வலுவிழப்பது, பேச்சுக் குழறுவது இதில் சேராது. அப்படி வந்தால் மாத்திரைதான் காரணம் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

எத்தனை பேருக்கு வரும்? 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் 79 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு, ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு. வித்தியாசத்தைப் பார்த்தால் ஆறேழு பேரில் ஒருவருக்கு மருந்தாலேயே வருகிறது, கடுமையாக வருவது 35 பேரில் ஒருவருக்கு என்று கணக்கிட்டார்கள். அந்த ஆய்வுகளில் பல, மருந்தைக் கொஞ்ச காலமே எடுத்தவர்களை வைத்து நடந்தவை என்ற விமர்சனம் உண்டு, அது நியாயமான விமர்சனம் என்றே நினைக்கிறேன். வருடக்கணக்கில் எடுத்தவர்கள் தங்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்று வைத்துக்கொண்டு நிதானமாகப் போவது நல்லது. நிறையப் பேருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும், அவர்கள் சொல்வதை யாரும் மனப்பிரமை என்று தள்ளக் கூடாது.

இது நிறுத்தியதால் வந்ததா, பழைய சூக்கேடு, அதாவது மனச்சோர்வே, திரும்புகிறதா?

வீட்டில் எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. பாரு, மாத்திரையை விட்டான், பழையபடி ஆரம்பிச்சிட்டான் என்பார்கள். இல்லாவிட்டால், மாத்திரைக்கு அடிமை ஆயிட்டான் என்பார்கள். பிரித்துப் பார்க்க மூன்று கேள்வி போதும். எப்போது ஆரம்பித்தது? சில நாளிலேயே என்றால் நிறுத்தியதன் விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம், மனச்சோர்வு பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்லத் திரும்பும். முன்பு இல்லாத உடம்புத் தொந்தரவு, அந்தக் கரண்ட் வெட்டும் தலைசுற்றலும், சேர்ந்து இருக்கிறதா? மனச்சோர்வில் அது வழக்கமில்லை. டாக்டர் சொல்லி மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தபோது எவ்வளவு சீக்கிரம் சரியானது? இரண்டு மூன்று நாளில் தெளிந்தால் அது நிறுத்தியதன் விளைவு, மனச்சோர்வு என்றால் அத்தனை சீக்கிரம் கேட்காது, வாரங்கள் ஆகும். அடிமை என்ற பேச்சுக்கும் இடமில்லை. அடிமைப்பட்டவருக்கு அதன்மேல் ஆசை வரும், அளவு கூடிக்கொண்டே போகும். மனச்சோர்வு மருந்துகளில் அப்படி நடப்பதில்லை.

குறைப்பது எப்படி

அவசரமில்லாத காலமாகப் பாருங்கள். வீட்டில் கல்யாணம், பரீட்சை, வேலை மாற்றம், ஒரு சாவு நடந்து மனசு ஆறாத நேரம், இதெல்லாம் வேண்டாம். வைத்தியரிடம் கஷாயம் ஆரம்பிக்கும் மாதமும் வேண்டாம், எது எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். கஷாயம் குடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, குடிப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள் என்கிறேன்.

டாக்டரிடம் போய், எனக்கு நிறுத்த ஆசை, படிப்படியாகக் குறைக்கத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் இரண்டு முதல் நான்கு வாரம் விடுவது வழக்கம், கொஞ்ச காலமே எடுத்தவர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் முடிந்துவிடலாம், பல வருடம் எடுத்தவர்களுக்குப் பல மாதம், ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம்.

இதில் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைப்பது கடைசிப் படியைப் பற்றி. 20இலிருந்து 10, 10இலிருந்து 5, ஒன்றும் தெரியவில்லை, 5தானே, குழந்தைக்குக் கொடுக்கிற அளவு, விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் மூளையில் மருந்தின் வேலை மில்லிகிராமோடு நேர்க்கோட்டில் குறைவதில்லை. மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் 2019இல் இதை விளக்கி எழுதினார்கள். சிட்டாலோபிராம் 20 மில்லிகிராம் போட்டால், மருந்து போய் உட்கார வேண்டிய இடங்களில் சுமார் 80 சதவீதம் நிரம்பிவிடுகிறது. அதில் கால்வாசியான 5 மில்லிகிராமுக்கே 60 சதவீதம் போல நிரம்பும். அப்படியானால் 20இலிருந்து 5க்கு வந்தபோது இறங்கியது கொஞ்சம்தான், 5இலிருந்து சைபருக்குப் போகும்போதுதான் முழுசாக விழுகிறோம். அதனால் அளவு குறையக் குறையப் படியும் சின்னதாக வேண்டும். 5இல் பாதி, அதில் பாதி என்று போக முடியுமா, திரவ மருந்து ஏதாவது உண்டா என்று டாக்டரையும் மருந்தாளுநரையும் கேளுங்கள். எங்களிடம் கேட்கச் சங்கடப்பட வேண்டாம், கடையில் கூட்டம் குறைந்த மத்தியான நேரம் வந்தால் நிதானமாகப் பேசலாம்.

ஒருநாள் ஒரு அக்கா அட்டையோடு வந்தார். ஒன்றுவிட்டு ஒன்று கிழிந்திருந்தது, வரிசையாக, ஒரு நாள் போடுவது, மறுநாள் விடுவது. பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிக் கொடுத்த முறை. போடாத நாளெல்லாம் தலை சுற்றிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், போட்ட நாள் தெளிகிறது, மறுநாள் மறுபடி. எஸ்சிட்டாலோபிராம், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் மாதிரி மருந்துகளை இப்படி ஒன்றுவிட்ட நாள் போட்டால் ரத்தத்தில் அளவு ஏறி இறங்கி, நிறுத்துவதன் தொந்தரவை வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப அனுபவிப்பதுதான் நடக்கும். தினமும் போடுங்கள், அளவை மட்டும் குறையுங்கள்.

நடுவில் கோடு இருக்கிற சாதாரண மாத்திரையை உடைக்கலாம், மெடிக்கலில் மாத்திரை வெட்டும் டப்பா சின்ன விலைக்குக் கிடைக்கும். பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர், ஈஆர், எஸ்ஆர் என்று போட்டிருந்தால் அது மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்தது, உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. டெஸ்வென்லாஃபாக்ஸின் அப்படிப்பட்டது. டுலோக்ஸெட்டின் கேப்சூலைப் பிரித்து நீங்களாகப் பாதி எடுப்பதும் வேண்டாம்.

ஒரு நோட்டில் தேதி, அளவு, தூக்கம், தொந்தரவு, நான்கே விஷயம் எழுதி வாருங்கள். டாக்டரிடம் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் அந்த நோட்டு உங்களைவிட நன்றாகப் பேசும். ஒரு படி தாங்கவில்லை என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டாம், அங்கேயே நில்லுங்கள், டாக்டர் சொன்னால் ஒரு படி மேலே போய்விட்டு மறுபடி மெல்ல இறங்கலாம். அதில் தோல்வி எதுவும் இல்லை.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்கு

நிறுத்திச் சில நாள்தான் ஆகிறது, தொந்தரவு இருக்கிறது என்றால் எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இன்றே போன் செய்யுங்கள். பெரும்பாலும் பழைய அளவையே திரும்ப ஆரம்பித்துவிட்டு மெதுவாகக் குறைக்கச் சொல்வார். விட்டுப் பல வாரம் ஆகிவிட்டது என்றால் பழைய முழு அளவை நீங்களாக எடுத்துப் போடாதீர்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். விட்ட வேளைக்கும் சேர்த்து இரண்டாகப் போடுவது கூடவே கூடாது. நடுவில் முதுகுவலிக்கு டிராமடால் கலந்த மாத்திரை எழுதியிருக்கிறார்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், உடம்பு விறைப்பு என்று கொண்டுபோய் விடலாம்.

தூக்கம் வரவில்லை என்று மது குடிப்பது நிலைமையைக் கெடுக்கும், மனசை இன்னும் கீழே தள்ளும். சாயங்காலத்துக்கு மேல் கட்டன் சாயாவை, அதாவது பால் விடாத டீயை, விடுங்கள், குமட்டலுக்குக் கஞ்சியும் பயறும் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் நிறைய. வேலையில் கவனம். விடியுமுன்னே ஹெட்லைட் கட்டிக்கொண்டு சரிவில் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள், தென்னையிலும் பனையிலும் ஏறுகிறவர்கள், வள்ளத்தில் போகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், தலைசுற்றல் இருக்கிற நாளில் போகவே கூடாது. கூலி போகும் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

கர்ப்பம் என்று தெரிந்த நிமிடத்தில் பயந்து நிறுத்துகிறார்கள். வேண்டாம். இரண்டு நாளுக்குள் மனநல டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் பாருங்கள், தொடர்வதா மாற்றுவதா என்று அவர்கள் சேர்ந்து முடிவு செய்வார்கள். தாய்க்கு மனச்சோர்வு முற்றுவதும் பிள்ளைக்கு நல்லதல்ல.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

ஆள் பேச்சைக் குறைப்பது, நான் இல்லாவிட்டால் நல்லது என்பது, பொருளை எல்லாம் பிரித்துக் கொடுப்பது, ஒரு இடத்தில் உட்காராமல் நிலைகொள்ளாமல் தவிப்பது. இதைப் பார்த்தால் நேராகக் கேளுங்கள்: சாகணும்னு தோணுதா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்டால்தான் சொல்வார். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, ரப்பர் ஷீட் அடிக்க வைத்திருக்கிற ஆசிட், மிச்ச மாத்திரை, எல்லாவற்றையும் அன்றே வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய் வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். ஏதாவது செய்துகொண்டுவிட்டார் என்றால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து நேரத்தைக் கடத்தாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

நேர் எதிரான ஒன்றும் உண்டு. தூக்கமே இல்லாமல் ஆள் ஏகப்பட்ட உற்சாகத்தில் இருக்கிறார், விடாமல் பேசுகிறார், காசை அள்ளி விடுகிறார் என்றால் நன்றாகிவிட்டான் என்று சந்தோஷப்படாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

எங்கே போவது? ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசு இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர் உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று 104க்குப் போன் செய்தோ அந்த ஆஸ்பத்திரியிலேயோ விசாரியுங்கள். திருவனந்தபுரத்தில் காட்டுகிறவர்கள் அங்கே போகும்வரை மருந்தை விட்டுவைக்காமல், சீட்டோடு உள்ளூர் டாக்டரைப் பார்த்து இடைப்பட்ட நாளுக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நிறுத்த நினைக்காமலே நிறுத்த நேர்கிறவர்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள், நடுக்கடலில் மாத்திரை தீர்ந்தால் வாங்க வழியில்லை. கரைக்கு வருகிற நாளைக் கணக்குப் பண்ணி, அதற்கு மேலும் இரண்டு வாரத்துக்கு எடுத்து, ஈரம் புகாத டப்பாவில் போட்டு, கூட இருக்கிற ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். வளைகுடா போகிறவர்கள் மருந்தின் உண்மையான பெயர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். குளோனசெபாம் போன்றவை அங்கே கட்டுப்பாட்டு மருந்துகள், முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சிக்கல். டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த மருந்தைப் படிப்படியாக விட வேண்டும் என்றால் அதற்கே சில மாதம் ஆகும்.